எங்கள் ஜன்னலைக் காட்டி என்ன சொல்கிறான்

மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் மறுபடியும் தையல் மிஷினில் உட்காரும் நேரத்துக்குச் சரியாக அவர்கள் வந்துவிடுவார்கள். காலுக்கு அடியில் ஒரு பலகை, பலகைக்கு இரண்டு பக்கமும் சக்கரம், முன்னால் ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் கைப்பிடி. அவ்வளவுதான் வண்டி. உட்கார இடம் கிடையாது. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அதில் விறைப்பாக நின்றபடி, ஒருவர் பின்னால் ஒருவராக, சத்தமே இல்லாமல் எங்கள் தெருவுக்குள் நுழைவார்கள். முன்னால் வரும் வழிகாட்டிப் பையன் ஒல்லி, நெட்டை, நீளக் கழுத்து. நான் அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

கொக்கு எங்களுக்கு எதிர்ச் சாரியில் வண்டியை நிறுத்துவான். பின்னால் வந்தவர்களும் தட்டுத்தடுமாறி நிறுத்துவார்கள். அவன் கையை உயர்த்தி மூன்றாம் மாடியில் இருக்கிற எங்கள் ஜன்னலைக் காட்டுவான். அத்தனை பேரும் வாயில் ஈ போவது தெரியாமல் அண்ணாந்து பார்ப்பார்கள். அவன் பேசுவான். என்ன பேசுகிறான் என்பது எனக்கு மட்டும் கேட்காது. அவன் வாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மைக், அவர்கள் காதில் ஆளுக்கொரு கருவி. பணம் கட்டின காதுக்குத்தான் கதை. சில பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். ஒருத்தி ஒரு நாள் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஊரான் வந்து கண்ணைத் துடைக்கும்படி எங்கள் ஜன்னலில் ஒரே ஒரு காரியம்தான் நடந்திருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகன் அந்த ஜன்னலிலிருந்து விழுந்தான். ஒரே பிள்ளை. வெளியே துணிக்கொடியை இழுக்கும் கப்பி சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிபண்ண ஜன்னல் கட்டையில் ஏறினான், கால் தவறி விழுந்தான். நான் இப்படித்தான் சொல்வேன். தெரு வேறு மாதிரி சொல்கிறது. வேலை போய் வீட்டில் கிடந்தான், அன்று காலையில் அப்பனுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை, அதனால் குதித்துவிட்டான் என்பது தெருவின் தீர்ப்பு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாகப் போகிறவன் எவனாவது சட்டைப்பையில் திருப்புளியும் எண்ணெய்க் குப்பியும் எடுத்துக்கொண்டு போவானா என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. "சும்மாதானே இருக்க, அந்தக் கப்பியையாவது பாரேன்" என்று அன்று சொன்னவர் அவர். பிள்ளை விழுந்திருந்தால் அந்தப் பேச்சைக் கேட்டுப் போய் விழுந்தான். குதித்திருந்தால் அந்தப் பேச்சு பொறுக்காமல் குதித்தான். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் மனுஷனுக்கு முள்தான். காரியம் முடிந்த மறுநாள் தன் நாற்காலியைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு முன்னறையில் காலெடுத்து வைக்கவில்லை. உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் ஊர்த் தண்ணீர்க் குழாய்களைப் பராமரித்தவர். எங்கேயாவது ஒரு சொட்டு வீணானால் தூக்கம் வராது. இப்போது பக்கத்திலேயே குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நான் ஓட்டல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள். ஊரெல்லாம் என் திரை தொங்குகிறது, என் முன்னறை ஜன்னலில் மட்டும் கிடையாது. வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்பது ஒரு காரணம். எவனுக்குப் பயந்து மூட வேண்டும் என்பது இன்னொன்று. அவர்கள் வந்து நின்றதும் நானும் எழுந்து ஜன்னலோரம் போய் நிற்பேன். ஒவ்வொரு முகமாக முறைப்பேன். கடைசி ஆள் தெருமுனையில் திரும்பும் வரை நகர மாட்டேன்.

"அவன் நம்ம பையனைப் பத்தித்தான் பேசறான்," என்றார் அவர் ஒரு நாள், சமையலறையிலிருந்தே.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"வேற என்ன இருக்கு இந்த வீட்ல, காசு குடுத்து வந்து பாக்கறதுக்கு?"

காரை பெயர்ந்த பழைய கட்டடம். ராஜா வந்து தங்கின மாளிகையா என்ன?

"தம்பி வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு. போயிடலாம். என்னால முடியலை," என்றார். சொன்னதோடு நிற்காமல் பாத்திரங்களைப் பெட்டிகளில் அடுக்கிக் கயிறு கட்டவும் ஆரம்பித்துவிட்டார். நான் வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். குளியலறைக் கண்ணாடியை என் பிள்ளை தன் உயரத்துக்கு மாட்டி வைத்திருந்தான். இன்றைக்கும் நான் எட்டி எட்டிப் பார்த்துத்தான் தலை வாருகிறேன். அந்தக் கண்ணாடியை விட்டுவிட்டு எங்கே போவது?

நாலைந்து நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் கழிந்தது. கடைசியில் நானே இறங்கி வந்தேன். "சரி. அவன் நம்ம பையனைப் பத்திப் பேசறான்னா போயிடலாம். இல்லைன்னா நீங்க இந்தப் பெட்டியெல்லாம் பிரிச்சு அடுக்கணும்."

"எப்படித் தெரிஞ்சுக்குவ?"

"நானும் அந்த வண்டியில ஏறப்போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிடுவாரோ என்றிருந்தது. சிரிக்கவில்லை.

இறங்கிப் போய் நேராகவே கேட்கலாமே என்பீர்கள். செத்தவன் அம்மாவிடம் எவன் உண்மையைச் சொல்வான்? "கட்டடத்தோட அழகைச் சொல்றேன் மேடம்" என்று பல்லைக் காட்டுவான். பணம் கட்டினவளாகப் போய்த்தான் கேட்க வேண்டும். போனில் சீட்டுப் பதிந்து கொடுத்தவள் என் தங்கை மகள். தானும் கூட வருவேன் என்று அடம்பிடித்தாள். "பெரியம்மா, நீங்க விழுந்தீங்கன்னா அம்மா என்னைக் கொன்னுடுவா" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் பிடித்ததே அதுதான். மற்றவர்கள் என் முன்னால் 'விழு' என்கிற வார்த்தையையே மூட்டை கட்டிவைத்திருந்தார்கள்.

முதலில் ஒரு சிமென்ட் முற்றத்தில் பழக்கினார்கள். எங்களோடு ஒரு புது ஜோடி, கழுத்தில் கேமரா தொங்கவிட்ட ஒரு பெரியவர். கொக்கைக் கிட்டத்தில் பார்த்தபோது இன்னும் சின்னப் பையனாகத் தெரிந்தான். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. தினமும் மூன்று மாடி உயரத்தில் பார்க்கிற முகம்தானே. அதோடு ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் எல்லாரும் ஒரே தலை.

"தலைசுத்தல், முட்டி வலி, ஏதாவது இருக்கா மேடம்?"

"வயசுக்கு உண்டானது எல்லாம் இருக்கு. நீ ஏத்து."

ஏறினேன். பலகை காலுக்கடியில் முன்னும் பின்னும் ஆடியது. புலி வாலைப் பிடித்த கதையாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிடியை இறுக்காதீங்க. கை வேலையே இல்ல இதுல. முன்னாடி சாஞ்சா போகும், பின்னாடி சாஞ்சா நிக்கும், நேரா நின்னீங்கன்னா அதுவும் நேரா நிக்கும். கீழ மட்டும் பாக்காதீங்க. கண்ணு எங்க போகுதோ அங்க உடம்பு சாயும். உடம்பு சாஞ்ச பக்கம் வண்டி போகும். பயந்தா குனியத் தோணும். குனிஞ்சா இன்னும் வேகமா ஓடும்."

நான் பயந்தேன், குனிந்தேன், ஓடியது. முற்றத்தின் சுவரில் சாத்தியிருந்த ரப்பர் டயரில் போய் முட்டி நின்றேன். "தரை சரியில்லை" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தங்கை மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கொக்கு சிரிக்காமல் என் வண்டியைத் திருப்பிக் கொடுத்து, "இன்னொரு தரம்" என்றான். பொறுமைசாலி. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன்மேல் கோபப்படத்தானே நான் கிளம்பி வந்திருந்தேன்?

காதில் கருவியை மாட்டிவிட்டு ஊருக்குள் அழைத்துக்கொண்டு போனான். கல் பாலத்தில் நிறுத்தி, அதைக் கட்டின எஞ்சினியர் காதலியின் மோதிரத்தை நடுக்கல்லுக்கு அடியில் புதைத்து வைத்திருப்பதாகச் சொன்னான். எனக்குத் தெரிந்து அந்தப் பாலம் வெள்ளத்தில் போய், நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மறுபடி கட்டினது. கட்டின காண்டிராக்டர் சொட்டைத் தலை, ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். மணிக்கூண்டில் ஒரு புளுகு. பழைய தபாலாபீஸில் ஒரு பேய். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. கூட வந்தவர்கள் ஆ என்று கேட்டார்கள்.

ஒன்றுமில்லாத பாலத்துக்கே இத்தனை ஜோடனை என்றால், நிஜமாகவே ஓர் உயிர் போன ஜன்னலுக்கு இவன் என்னவெல்லாம் தைத்து மாட்டியிருப்பான்? காதல் தோல்வி என்பானா? கடன் என்பானா? அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதித்தான் என்பானா? கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று போய்க்கொண்டே இருந்தேன்.

எங்கள் தெருமுனையில் திரும்பினோம்.

இரண்டு வருஷமாக நான் அந்தத் தெருவில் நடந்ததில்லை. கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு, சந்துக்குள் இறங்கும். கடைக்குப் போவது, துணி கொண்டு கொடுப்பது எல்லாம் அந்த வழிதான். ஜன்னலுக்கு நேர்கீழே நடைபாதையில் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை மேலிருந்து பார்ப்பேன். கால் வைத்ததில்லை.

கொக்கு எதிர்ச் சாரியில் நிறுத்தினான். நாங்களும் நிறுத்தினோம். அவன் கை உயர்ந்தது. நான் அண்ணாந்து என் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். கீழேயிருந்து அது எவ்வளவு உயரம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அந்த மூணாவது மாடி ஜன்னலைப் பாருங்க," என்றது காதுக்குள் அவன் குரல். "இந்தத் தெருவுல எல்லா ஜன்னல்லயும் திரை இருக்கு. அதுல மட்டும் இல்ல. ஏன் தெரியுமா? அங்க ஒரு அம்மா இருக்காங்க. அவங்களுக்கு ஒரே பையன்."

தங்கை மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அந்தப் பையன் கப்பல் வேலைக்குப் போனான். போகும்போது, 'நான் வர்ற வரைக்கும் திரை போடாதம்மா, தெருமுனை திரும்பும்போதே உன் முகம் தெரியணும்'னு சொல்லிட்டுப் போனான். வருஷம் எத்தனையோ ஆச்சு. அந்த அம்மா இன்னும் திரை போடலை. மழையோ வெயிலோ, தினம் நாம வர்ற இந்த நேரத்துக்கு வந்து நிப்பாங்க. நம்ம ஒவ்வொருத்தர் முகத்தையும் உத்து உத்துப் பாப்பாங்க. இதுல நம்ம பையன் இருக்கானான்னு."

அடப் பாவி. நான் முறைத்தேனடா.

மூச்சு விட்டேன். எத்தனை நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சோ. இவனுக்கு ஒன்றுமே தெரியாது. என் பிள்ளையைப் பற்றித் தெருவில் ஒருத்தன்கூட இவனிடம் சொல்லவில்லை. ஜன்னலில் நின்று முறைக்கும் ஒரு கிழவியைப் பார்த்து இவனே கட்டிவிட்ட கதை. ஒரே பையன் என்பதுகூடக் குருட்டாம்போக்கில் எறிந்த கல், போய்ப் பட்டுவிட்டது. பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லலாம். சிரிப்புக்கூட வந்தது எனக்கு.

புது மணப்பெண் கேட்டாள்: "எங்க, இன்னிக்கு அவங்களைக் காணோமே?"

கொக்கு நிமிர்ந்து பார்த்தான். ஜன்னல் காலி. ஒரு நாளும் தவறாதவள் இன்று இல்லை. அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"போய்ச் சேர்ந்துட்டாங்களோ என்னவோ," என்றான் மாப்பிள்ளை. அவள் அவன் விலாவில் இடித்தாள்.

"சே, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க சார்," என்றான் கொக்கு, நிஜமாகவே பதறிப்போய். உடனே தொழில் ஞாபகம் வந்து குரலைச் சரிபண்ணிக்கொண்டான். "அப்படியெல்லாம் இருக்காது. ஜன்னல்ல இல்லைன்னா ஒரே ஒரு காரணம்தான். பையன் வந்திருப்பான். அம்மா அவனுக்குச் சோறு போட்டுட்டு இருப்பாங்க."

மணப்பெண் கை தட்டினாள். கேமராக்காரரும் தட்டினார்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜன்னலுக்கு உள்ளே என் மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் சமையலறைக் கதவு. கதவுக்குப் பின்னால் என் பிள்ளை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பொய் என்று தெரியும். பொய் சொன்னவனை எனக்கு எதிரிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இருந்தான். ஜன்னலிலிருந்து என் கண் கீழே இறங்கியது. சுவரோடு இறங்கி அந்த இடத்துக்கு வந்தது.

நான் சாய்ந்தது எனக்குத் தெரியாது. வண்டிக்குத் தெரிந்திருக்கிறது. தெருவைக் குறுக்கே கடந்து ஓடியது. "பெரியம்மா!" என்று ஒரு கத்தல். "பின்னாடி சாயுங்க, பின்னாடி!" என்று காதுக்குள் இன்னொரு கத்தல். பலகை நடைபாதை விளிம்பில் இடித்தது. நான் கைப்பிடியை விட்டு இறங்கி, இரண்டு எட்டு ஓடி, சுவரில் கை ஊன்றி நின்றேன்.

ஜன்னலுக்கு நேர்கீழே நின்றேன்.

சுற்றிலும் இருந்த கற்களைப் போலவே ஒரு கல். ஒரு மிட்டாய்க் காகிதம் கிடந்தது. குனிந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழவேண்டும்போல் இருந்தது, அழுகை வரவில்லை. இரண்டு வருஷமாகச் சுற்றிச் சுற்றிச் சந்து வழியாகப் போனேனே, இங்கே வந்து என் பிள்ளையோடு ஒரு நிமிஷம் நின்றிருக்கலாமே என்றுதான் வந்தது.

கொக்கு மூச்சிரைக்க ஓடி வந்தான். "அடிபட்டுச்சா? ஒண்ணும் இல்லியே? பயப்படாதீங்க அம்மா. இந்த இடத்துல இதுவரைக்கும் யாரும் விழுந்ததே இல்ல."

"டேய்," என்று தங்கை மகள் சீறிக்கொண்டு வந்தாள். "இவங்க யார் தெரியுமா உனக்கு? இங்கதான்..."

நான் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். நிறுத்திக்கொண்டாள்.

ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். காதிலிருந்த கருவியையும் கொடுத்தேன். "நான் இங்கேயே இறங்கிக்கறேன்ப்பா. என் வீடு இதுதான்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தான். மறுபடி என் முகத்தைப் பார்த்தான். அந்த நீளக் கழுத்து முழுக்கச் சிவந்துபோயிற்று. "அம்மா... நான் சும்மா... வர்றவங்க ஏதாவது கேப்பாங்க, அதான்..."

"கப்பல் வேண்டாம்," என்றேன். "அவனுக்குத் தண்ணின்னா பயம். வேற ஏதாவது வேலை சொல்லு."

அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. தலையை மட்டும் ஆட்டினான்.

முன்வாசல் வழியாக ஏறினேன். பழக்கம் விட்டுப்போன படிகள். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போதே சமையலறையிலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிக் கயிறு கட்டின பெட்டிகள். தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றான்?" என்றார் என்னைப் பார்க்காமல்.

பேசலை, எல்லாம் வீண் பயம் என்று சொல்லிவிடலாம். படியேறும்போதெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"நம்ம பையனைப் பத்தித்தான்," என்றேன்.

அவர் கை பக்கத்துப் பெட்டியின் கயிற்றைப் பிடித்தது.

"இருங்க, முழுசாக் கேளுங்க. வேலைக்காக எங்கயோ தூரமாப் போயிருக்கானாம். திரை போடாதேன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனானாம். அதான் நான் தினம் ஜன்னல்ல நின்னு வழியைப் பாக்கறேனாம். வந்துடுவானாம்."

குழாய் சொட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடினார். மூடின கையை எடுக்காமல், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்போன்னு சொன்னானா?"